மீன்பிடி படகுகளுக்கும் கரைக்குமிடையே கம்பியில்லாத் தொடர்பு

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், காஞ்சிரங்குளம் என்னும் ஊர் இருக்கின்றது. ஊர் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியுள்ளது. ஆயினும் அதன் சந்தையும் பள்ளிகளும் பேருந்துகளும் கடலோர மக்களுடன் நெருங்கிய தொடர்பு கொண்டவை. புல்லுவிளை, கருங்குளம், பூவாறு, பொழியூர் ஆகிய கடலோர ஊர்கள் அதன் அண்மையில் வரிசையாக அமைந்துள்ளன. வடக்கே விழிஞம் துறைமுகம் உள்ளது. தெற்கே பொழியூரைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் நீரோடியும், அதனையடுத்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய ஊர்களும் தொடங்குகின்றன. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நிலத்தின்மீது மாநில எல்லை வகுக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் மீனவருக்கோ இரு புறமும் ஒரே கடல்தான், ஒரே காற்றுதான், ஆபத்தும் ஒன்றேதான்.

இக்கடற்கரையிலிருந்து கட்டுமரங்களும் வள்ளங்களும் எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகளும் நாள்தோறும் கடலுக்குச் செல்கின்றன. கரைக்கு அருகில் மீன்வளம் குறையக் குறைய, அவை செல்லும் தொலைவு கூடிக்கொண்டே வந்திருக்கின்றது. சிறு படகுகளும் 50 கிலோமீட்டருக்கு அப்பால் செல்வதுண்டு. தூத்தூர்ப் பகுதியின் பெரிய விசைப்படகுகள் பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள், ஆழ்கடலிலேயே தங்கி மீன் பிடிக்கின்றன. படகு கண்ணுக்கு மறைந்த பின்னர் அதில் உள்ளோரின் நிலைமையைக் கரையில் உள்ளோர் அறிவது எங்ஙனம்? கரையில் அறியப்பட்ட செய்தி படகில் உள்ளோரைச் சென்றடைவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விஞ்ஞானம் அளிக்கும் விடைகளையும், அவ்விடைகளின் எல்லைகளையும் இங்கே காண்போம்.

2017 நவம்பர் கற்பித்த பாடம்

2017 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது மிக விரைவாக வலுப்பெற்று, மறுநாள் 30 ஆம் தேதி காலையிலேயே குமரிக் கடற்பகுதியில் புயலாக மாறியது. ‘ஒக்கி’ என்று பெயரிடப்பட்ட அப்புயல் கன்னியாகுமரிக்குத் தெற்காகச் சென்று அரபிக் கடலில் நுழைந்து, லட்சத்தீவுகளைக் கடந்து, டிசம்பர் 5 ஆம் நாள் குஜராத் கடற்கரையை அணுகியபொழுது வலுவிழந்தது. தாழ்வு மண்டலம் ஒன்று ஏறத்தாழ ஒரே நாளில், அதுவும் கரைக்கு இவ்வளவு அண்மையில், புயலாக மாறுவது அரிதாக நிகழும் ஒன்று.

வானிலைத் துறையினர் 29 ஆம் தேதி மீனவர்களுக்கான எச்சரிக்கையை வெளியிட்டனர். ஆனால் அவ்வெச்சரிக்கை கரையில் பரவுவதற்கு முன்னரே பல படகுகள் புறப்பட்டுவிட்டன. ஆழ்கடல் படகுகளோ பல நாட்களுக்கு முன்பே சென்றுவிட்டிருந்தன. செய்தி கரையில் இருந்தது. அது தேவைப்பட்டவர்கள் கடலில் இருந்தனர். இடையே பாலம் இல்லை. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் உயிரிழந்தனர்; அன்றி, திரும்பி வரவேயில்லை.

உயிர் தப்பியவர்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 68 படகுகளில் இருந்த 952 மீனவர்கள் மகாராஷ்டிர மாநிலத்துத் தேவ்கட் துறைமுகத்தைப் பத்திரமாக அடைந்தனர். அச்செய்தி டிசம்பர் 2 ஆம் நாள் வெளிவரும் வரையில், அவர்களுடைய குடும்பத்தினர் ஒன்றும் அறியாமல் கடற்கரையிலும் கோயில் முற்றத்திலும் காத்திருந்தனர். தொடர்புச் சாதனம் உயிரைக் காப்பதோடு, உயிரோடு இருப்பவர்களைக் குறித்த துயரத்தையும் நீக்குகின்றது என்பதற்கு இதுவே சான்று.

இன்னொரு கணக்கையும் இங்கே நோக்குதல் வேண்டும். எஞ்சின் நின்றுபோன படகு காற்றாலும் நீரோட்டத்தாலும் மணிக்கு 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர், வேகத்தில் அடித்துச் செல்லப்படுவதாகக் கொள்வோம். திசை தெரியாவிடில், ஒரு மணி நேரத்திற்குப் பின் தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 43 சதுரக் கிலோமீட்டர். பத்து மணி நேரம் சென்ற பின்னர் அது பத்து மடங்கு பெருகுவதில்லை. நூறு மடங்கு பெருகி 4,300 சதுரக் கிலோமீட்டர் ஆகிவிடுகின்றது. அபாயச் செய்தி ஒரு மணி நேரம் முந்தி வந்தால் மீட்புப் பணி எவ்வளவு எளிதாகும் என்பதை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகின்றது.

கடலுக்குச் சென்ற கம்பியில்லாத் தந்தி

கம்பியில்லாத் தந்தியின் முதற்பயன் கடலிலேயே விளைந்தது. 1895 ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அதே காலத்தில் மார்க்கோனி இவ்வலைகளைச் செய்தி அனுப்பும் பணியில் ஈடுபடுத்தினார். கம்பி போட இயலாத இடம் கடல். ஆகவே கப்பல்களே அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் ஆயின. 1899 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈஸ்ட் குட்வின் விளக்குக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் உதவி கோரப்பட்டு, கரையிலிருந்து உயிர்காப்புப் படகு அனுப்பப்பட்டது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அதன் அபாய அழைப்பைக் கேட்டு விரைந்த கார்பேதியா கப்பல் ஏறத்தாழ 700 பேரைக் காப்பாற்றியது. ஆனால் அதைவிட அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலில் இருந்த ஒரே தந்தி இயக்குநர், அப்பொழுது கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். சுமார் 1,500 பேர் மாண்டனர். கருவி இருப்பது மட்டும் போதாது, கேட்பதற்கு ஓர் ஆளும் எந்நேரமும் இருத்தல் வேண்டும் என்ற நியதி அதன் பின்னரே பிறந்தது. 1914 ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய மாநாடு கடலில் உயிர்ப் பாதுகாப்பிற்கான சர்வதேச உடன்படிக்கையை வகுத்தது. மோர்ஸ் ஒலிக்குறியீட்டிற்குப் பதிலாகத் தானியங்கி முறைகளையும் செயற்கைக் கோள்களையும் கொண்ட உலகளாவிய அபாயத் தொடர்பு முறை 1999 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எனினும் அம்முறை, பயணிக் கப்பல்கள் நீங்கலாக, சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கே கட்டாயமாக்கப்பட்டது. நான்கைந்து பேர் செல்லும் ஃபைபர் படகோ, இருவர் செல்லும் கட்டுமரமோ அவ்வுடன்படிக்கையின் எல்லைக்குள் வருவதில்லை. பெரிய கப்பலுக்குக் கிடைத்த பாதுகாப்பு சிறு படகிற்குக் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பணி இன்னும் நிறைவு பெறவில்லை.

அலையும் அடிவானமும்

கடலில் குரல் வழியாகப் பேசுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, மீனவர்கள் ‘வயர்லெஸ்’ என்றே அழைக்கும் வி.எச்.எஃப். கருவி. இது 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இயங்குகின்றது. இதில் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 16 ஆம் அலைவரிசை, உலகெங்கும் அபாய அழைப்பிற்கும் முதல் அழைப்பிற்கும் உரியது. இதன் அலைநீளம் சுமார் 1.9 மீட்டர், ஆகவே அதில் கால்பங்கான 48 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு ஏரியலே போதுமானது. கருவி சிறியது, ஒலி தெளிவானது, விலையும் அதிகமன்று.

ஆனால் இவ்வலைகளுக்கு ஒரு குறையுண்டு. அவை ஏறக்குறைய ஒளியைப் போன்றே நேர்க்கோட்டில் செல்கின்றன. பூமி உருண்டையாதலால், அடிவானத்திற்கு அப்பால் உள்ள படகு இவ்வலைகளுக்கு எட்டாது. காற்று மண்டலம் அலைகளைச் சிறிது வளைப்பதனால் வானொலி அடிவானம் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிடச் சற்று விரிவானது. அதனைக் கணக்கிட எளிய விதியொன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். இரு முனைகளிலும் உள்ள ஏரியல்களுக்குத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால், அதுவே இரண்டிற்கும் இடையே தொடர்பு கொள்ளத்தக்க தொலைவின் எல்லை.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். படகில் ஏரியல் நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் பங்கு 8.2 கிலோமீட்டர். இத்தகைய இரு படகுகள் தம்முள் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசலாம். கரையில் 36 மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால், அதன் பங்கு 24.7 கிலோமீட்டர், ஆகவே படகும் கரையும் சுமார் 33 கிலோமீட்டர் வரை பேசலாம். கரை ஏரியலை 100 மீட்டர் உயரத்திற்குக் கொண்டு சென்றால், இத்தொலைவு 49 கிலோமீட்டர் ஆகும். கட்டுமரத்தில் அமர்ந்து கைக்கருவியை ஒரு மீட்டர் உயரத்தில் பிடிப்பவரின் பங்கு 4 கிலோமீட்டர் மட்டுமே. எழுந்து நின்று, கருவியை உயர்த்திப் பிடித்து, ஏரியல் 2.25 மீட்டர் உயரத்தை எட்டினால் அது 6 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஒரு பைசாச் செலவில்லாத இம்முன்னேற்றத்தை எல்லா மீனவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். ஆற்றல் மிக்க கருவி மிகுந்த தொலைவு செல்லும் என்று பலரும் கருதுகின்றனர். கைக்கருவியின் ஆற்றல் வழக்கமாக 5 வாட், படகில் நிலையாகப் பொருத்தும் கருவியின் ஆற்றல் 25 வாட். ஆற்றலை ஐந்து மடங்காக்குவதனால் குரல் தெளிவு பெறும், இரைச்சல் குறையும். ஆனால் அடிவானம் ஓர் அடியும் விலகாது. பணம் செலவிடுவதாயின், முதலில் ஏரியலின் உயரத்திற்கும் நல்ல கேபிளுக்கும் செலவிடுதலே அறிவுடைமை.

இவ்வகையில் இப்பகுதியின் நில அமைப்பு சாதகமானது. காஞ்சிரங்குளத்திற்கும் விழிஞத்திற்கும் இடையே, சொவ்வரை, புளிங்குடி முதலிய இடங்களில் நிலம் கடலை ஒட்டியே செங்குத்தான மேடாக உயர்ந்து நிற்கின்றது. மணற்கரையில் எழுப்பும் கோபுரத்தைவிட இத்தகைய மேட்டில் எழுப்பும் அதே கோபுரம் மிகுந்த தொலைவை எட்டும். கரை நிலையம் அமைக்க இடம் தேடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

தொலைவை நீட்டிக்க மற்றொரு வழி அஞ்சல் முறை. எல்லையின் விளிம்பில் உள்ள படகு, தனக்கு அப்பால் உள்ள படகின் செய்தியைக் கேட்டுக் கரைக்கு எடுத்துச் சொல்லலாம். 33 கிலோமீட்டரில் ஒரு படகு நின்றால், செய்தி 49 கிலோமீட்டர் வரை எட்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. முன்னேற்பாடும் ஒழுங்குமே வேண்டும். கூட்டமாகச் செல்லும் படகுகள் புறப்படும் முன்னரே எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், யார் யாரை அழைப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று.

இதைவிட நெடுந்தொலைவிற்குச் சிற்றலைகள் உதவுகின்றன. வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயன மண்டலம் இவ்வலைகளைத் திருப்பி அனுப்புவதால், அவை அடிவானத்தைத் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் செல்கின்றன. இம்மண்டலத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ராவும் அவருடைய மாணவர்களும் செய்த பணி உலகப் புகழ் பெற்றது. ஆயினும் சிற்றலைக் கருவிக்கு நீண்ட ஏரியலும் மிகுந்த மின்சாரமும் பயிற்சி பெற்ற இயக்குநரும் தேவை. பகலுக்கும் இரவுக்கும் அதிர்வெண்ணை மாற்ற வேண்டும். சிறு படகிற்கு இவை பொருந்துவதில்லை.

கைபேசியின் பயனும் எல்லையும்

1997 முதல் 2001 வரையில் கேரளத்தின் வடபகுதியில் கைபேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுப்பப்பட்டன. அவற்றின் அலைகள் கடலில் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை எட்டின. மீனவர்கள் கடலிலிருந்தே பல சந்தைகளின் விலையை விசாரித்து, விலை மிகுந்த இடத்திற்குப் படகைத் திருப்பினர். பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் இதனை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. தொடர்புச் சாதனம் அன்றாட வருவாய்க்கும் உதவுகின்றது என்பது இதனால் விளங்கும். அன்றாடம் பயன்படும் கருவியே ஆபத்துக் காலத்தில் பழுதின்றி இருக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆனால் கைபேசி ஒருவர் ஒருவருடன் பேசுவதற்காக அமைந்தது. கடலில் ஒருவர் அழைத்தால் சுற்றிலும் உள்ள அனைவரும் கேட்க வேண்டும். அருகில் உள்ள படகே முதலில் உதவ வல்லது. வயர்லெஸ் கருவியில் இது இயல்பாகவே நிகழ்கின்றது. அன்றியும், கரையிலிருந்து சிறிது தொலைவு சென்றதும் கைபேசித் தொடர்பு அறுபட்டுவிடுகின்றது. இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு, கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தார் ‘ஓஷன்நெட்’ என்னும் முறையை வகுத்தனர். கரையில் உயர்ந்த நிலையமும் படகில் சிறு கருவியும் கொண்ட இம்முறை, கடலில் 40 கிலோமீட்டருக்கு மேல் இணையத் தொடர்பை எட்டச் செய்துள்ளது.

செயற்கைக் கோளின் துணை

அடிவானத்தின் தடையை முற்றிலும் வெல்ல, ஏரியலை விண்ணில் வைப்பதே வழி. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக் கோள், கரையையும் ஆழ்கடலையும் ஒருங்கே நோக்கி நிற்கின்றது. செய்தி மேலே சென்று கீழே வருவதற்குக் கால் வினாடியே ஆகின்றது. திருவனந்தபுரத்திற்கு அருகில் உள்ள தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து 1963 நவம்பர் 21 ஆம் நாள் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அப்பணிக்காக மீனவர்கள் தம் நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தனர். அன்று தொடங்கிய விண்வெளி ஆராய்ச்சியின் பயன் மீனவர்களின் படகிற்கே திரும்பி வருதல் மிகவும் பொருத்தமானது.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பட்டு வருகின்றது. தீ விபத்து, படகு மூழ்குதல், நோய் முதலிய ஆபத்துகளில் மீனவர் ஒரு பொத்தானை அழுத்தினால், படகின் இருப்பிடத்துடன் செய்தி செயற்கைக் கோள் வழியே பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திற்கும், அங்கிருந்து இந்தியக் கடலோரக் காவற்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்திற்கும் சென்று சேரும். இதில் ஒரு குறை இருந்தது. தம் அழைப்பு எவரையேனும் எட்டியதா என்பதை மீனவர் அறிய வழியில்லை. இருளில், அலைகளின் நடுவே, பதில் வராத பொத்தானை அழுத்திக் காத்திருப்பவரின் மனநிலையை ஊகித்தறியலாம். 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘அழைப்பு கிடைத்தது, உதவி வருகின்றது’ என்ற பதிலைப் படகிற்கு அனுப்புகின்றது. புயல் எச்சரிக்கைகளையும் அதன் மூலம் படகிற்கு அனுப்பலாம். அவற்றை மீனவர் தம் கைபேசியில் தம் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

ஒக்கிப் புயலுக்குப் பின்னர், நம் நாட்டின் ‘நாவிக்’ செயற்கைக் கோள்கள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் கேரள மீனவர்களுக்குச் சோதனை முறையில் வழங்கப்பட்டன. 2018 இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. 2019 அக்டோபரில், ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து ‘ஜெமினி’ என்னும் கருவியை வெளியிட்டன. அது ‘ககன்’ செயற்கைக் கோள் வழியே வரும் வானிலைச் செய்தியையும் மீன்வளம் மிக்க இடங்களைப் பற்றிய குறிப்பையும் பெற்றுக் கைபேசிக்கு அளிப்பது. இதில் செய்தி படகை நோக்கி மட்டுமே வரும். படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. இருவழித் தொடர்பை நோக்கமாகக் கொண்டு, ஒரு லட்சம் மீன்பிடி கலங்களில் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 ஆம் நாள் மகாராஷ்டிரத்துப் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது.

கரையில் செய்ய வேண்டியவை

செய்தி கரையில் தங்கிவிடாமல், படகு புறப்படும் இடத்திற்கே சென்று சேருதலும் தொடர்பின் ஒரு பகுதியே. புதுச்சேரிக்கு அருகில் வீராம்பட்டினத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம், 1990களின் இறுதியிலிருந்து அலைகளின் உயரம் பற்றிய செய்தியை நாள்தோறும் பெற்று ஒலிபெருக்கி மூலம் கடற்கரையில் அறிவித்து வந்தது. ராமேசுவரம் தீவில் பாம்பனிலிருந்து 2016 முதல் ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் மீனவர்களுக்காக ஒலிபரப்பி வருகின்றது. இரண்டிலும் வெற்றிக்குக் காரணம், செய்தி மீனவர் பேசும் மொழியில், அவர் கேட்கும் நேரத்தில், அறிந்தவர் குரலில் வந்ததேயாகும். ‘மணிக்கு 55 கிலோமீட்டர் வேகக் காற்று’ என்று மட்டும் அறிவிப்பதைவிட, எந்தத் திசையிலிருந்து, எந்நேரம் முதல், எந்தக் கடற்பகுதியில் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். காஞ்சிரங்குளம், பாறசாலை எல்லைப் பகுதிகளில் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் அறிவித்தல் இன்றியமையாதது.

கருவியைப் பேணுதல்

கடலில் கருவிக்குப் பகைவன் உப்புநீர். ஏரியல் கேபிளின் இணைப்பில் உப்பு படிந்து பச்சை பூத்துவிட்டால், 25 வாட் கருவியும் ஊமையாகிவிடும். களப்பணியாளர்கள் படகுகளைப் பார்வையிடும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, ஏரியல் படகின் மிக உயர்ந்த இடத்தில், நேர்க்குத்தாக, கயிறும் வலையும் சிக்காதபடி பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டாவது, இணைப்புகள் நல்ல நீரில் துடைக்கப்பட்டு, உலர்ந்த பின்னர், நீர்புகா நாடாவால் சுற்றப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது, பாட்டரி ஒவ்வொரு பயணத்திற்கும் முன்னர் முழுமையாக மின்னேற்றப்பட வேண்டும். 25 வாட் கருவி பேசும்போது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 5 ஆம்பியர் மின்சாரத்தை ஈர்க்கின்றது. கேட்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே குறைவாகப் பேசி மிகுதியாகக் கேட்பதே பாட்டரிக்கும் நல்லது, பாதுகாப்பிற்கும் நல்லது. நான்காவது, கைக்கருவியை நீர்புகாப் பையில் இட்டு உடலோடு பிணைத்து வைத்தல் வேண்டும். கவிழ்ந்த படகின் அடியில் கிடக்கும் கருவியால் பயனில்லை. ஐந்தாவது, கரையை விட்டு நீங்கும் முன்னர், 16 தவிர்ந்த வேறோர் அலைவரிசையில் சோதனை அழைப்பு ஒன்று செய்தல் வேண்டும்.

அபாய அழைப்பின் முறை

அழைப்பில் சொல்ல வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லுதல் பாதி மீட்புக்குச் சமம். 16 ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்று மும்முறை கூறி, பின்னர் படகின் பெயர், பதிவு எண், இருப்பிடம், ஆபத்தின் தன்மை, படகில் உள்ளோர் எண்ணிக்கை, வேண்டிய உதவி ஆகியவற்றை இவ்வரிசையில் நிதானமாகச் சொல்லுதல் வேண்டும். பின்னர்ப் பொத்தானை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவருக்குப் பதில் கேட்காது. பிறரும் பேச இயலாது. விளையாட்டாகவோ வீண்பேச்சிற்காகவோ இந்த அலைவரிசையை அடைத்து வைத்தல் மற்றொருவரின் உயிரோடு விளையாடுவதாகும். கைபேசி எட்டும் தொலைவில் இருப்போர் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

இருப்பிடத்தைச் சொல்லும்பொழுது எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுதல் வேண்டும். ‘வடக்கு 8 பாகை 5 கலை, கிழக்கு 76 பாகை 40 கலை’ என்றால், அது பூவாற்றிலிருந்து மேற்கு–தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். ‘5’ என்பது ‘15’ என்று கேட்கப்பட்டால், மீட்புக் கப்பல் 18 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே சென்று தேடும். மேற்கண்ட இடம் 36 மீட்டர் உயரக் கரை ஏரியலின் எல்லைக்கு அப்பால் உள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே செல்லும் படகிற்கு வயர்லெஸ் மட்டும் போதாது. இடையில் ஓர் அஞ்சல் படகோ, செயற்கைக் கோள் கருவியோ அவசியம்.

பள்ளிகளில்

இக்கடற்கரைப் பள்ளிகளின் மாணவர் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் கடலுக்குச் செல்பவர்கள். ஆசிரியர்கள் வகுப்பறையில் வர்க்கமூலம் கற்பிக்கும்பொழுது, மேற்கூறிய விதியைக் கொண்டு ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் படகின் வானொலி அடிவானத்தைக் கணக்கிடச் செய்யலாம். கண்ணால் காணும் அடிவானத்திற்கு 4.12 க்குப் பதில் 3.57 ஐப் பயன்படுத்த வேண்டும். கண்மட்டம் 1.6 மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவர் கடற்கரையில் நின்றால், சுமார் 4.5 கிலோமீட்டர் வரையே கடலைக் காண்பார். படகு முதலில் அடிப்பகுதியும் பின்னர் மேற்பகுதியுமாக மறைவதை மாணவர்கள் நேரில் கண்டிருப்பர். அதன் காரணத்தை இக்கணக்கு விளக்கும். பூகோள வகுப்பில் பாகை, கலை ஆகியவற்றை வாசிக்கவும், அபாய அழைப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் பிழையின்றிச் சொல்லவும் பழக்கலாம். மாணவர் வீட்டில் சொல்வது படகையும் சென்றடையும்.

ஒரே கருவி எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றுவதில்லை. கரைக்கு அருகில் கைபேசியும், நடுத்தொலைவில் வயர்லெஸும், ஆழ்கடலில் செயற்கைக் கோள் கருவியும், புறப்படும் கரையில் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. 2024 ஜூலையில் முதற் பெருங்கப்பல் வந்தடைந்த விழிஞம் பன்னாட்டுத் துறைமுகத்தால் இக்கடலில் கப்பல் போக்குவரத்தும் பெருகிவருகின்றது. இரவில் சிறு படகுகள் தம் இருப்பைப் பெரிய கப்பல்களுக்கு அறிவிக்க வேண்டிய தேவையும் அதனுடன் கூடியுள்ளது. கருவிகளை வழங்குதல் அரசின் கடமை. அவற்றை உயரத்தில் பொருத்தி, உலர்வாக வைத்து, முறையாகப் பேசுதல் மீனவரின் பொறுப்பு. கரையில் எந்நேரமும் ஒருவர் விழித்திருந்து கேட்டல் இரு சாராருக்கும் பொதுவான கடமை. அங்ஙனம் கேட்பவர் ஒருவர் இருக்கின்றார் என்ற உறுதி உள்ளபொழுதுதான், பூவாற்றிலும் பொழியூரிலும் நீரோடியிலும் படகு வரக் காத்திருப்போர் ஓரளவேனும் நிம்மதியாகக் கண்ணயர முடியும்.